நாளைக்கு வகுப்பு இல்லையாமே, உங்களுக்குச் சொல்லலையா?

கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தமிழர்கள் எழுதலாம் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. டொரோன்டோவிலும் டர்பனிலும் லண்டனிலும் வளர்ந்து இப்போது புசான், தேகு, இன்சோன் என்று குடியிருப்பவர்கள். முக்கால்வாசி புலம்பல்தான், அதுவும் கூட வேலை பார்க்கும் கொரிய ஆசிரியர்களைப் பற்றி. அதே ஆசிரியர் அறையில் நானும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: வண்ண அட்டையெல்லாம் வெட்டி, விளையாட்டு தயார் பண்ணி எடுத்துக்கொண்டு போனால் வகுப்பறை காலி. விளையாட்டு விழா ஒத்திகையாம். ஆசிரியர் அறையில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. ‘ஓ, உங்களுக்குச் சொல்லலையா?’ என்கிறார் கோ-டீச்சர், அதாவது என்னோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் கொரிய ஆசிரியர். மறுநாள் நேர்மாறாக, இன்னும் பத்து நிமிடத்தில் பெற்றோர் முன்னால் பாடம் நடத்த வேண்டும் என்கிறார். வேண்டுமென்றே செய்கிறார்களா?
(தொடக்கப்பள்ளி, புசான்)

பதில்: இல்லை. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் அறையில் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ‘கூல் மெசஞ்சர்’ மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டி எட்டிப் பார்க்கும், கவனித்திருப்பீர்கள். முதல் மணி அடிப்பதற்குள் அதில் பத்துப் பதினைந்து செய்தி வந்து விழும், எல்லாம் கொரிய மொழியில். இன்றைக்கு மூன்றாம் பீரியடும் ஐந்தாம் பீரியடும் இடம் மாறுகின்றன என்பது அதில் ஏதோ ஒரு செய்தியின் நாலாவது வரியில் இருக்கும். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். உங்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் கோ-டீச்சர், அவர் அந்த நேரம் ஏதோ ஒரு பையனின் அம்மாவோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. அதற்கு முன்னால், பிப்ரவரியில், பாடம் நடத்துவது போக யாருக்கு எந்த அலுவலக வேலை என்று பள்ளிக்குள் பங்கு பிரிப்பார்கள். வெளிநாட்டு ஆசிரியரைக் கவனித்துக்கொள்வதும் அந்தப் பட்டியலில் ஒன்று, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்க ஒருத்தரை நிறுத்துவார்களே, அந்த மாதிரி. யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அரசுப் பள்ளிகளில் சில வருடத்துக்கு ஒருமுறை ஆசிரியர்களுக்குப் பள்ளி மாறும் என்பதால் புதிதாக மாற்றலாகி வந்தவர் தலையிலோ வயதில் சின்னவர் தலையிலோ விழும். உங்களை வங்கிக்குக் கூட்டிப்போய்க் கணக்கு திறப்பது, வெளிநாட்டவர் பதிவு அட்டை வாங்க குடிவரவு அலுவலகத்தில் நேரம் குறிப்பது, வீட்டு பாய்லர் கெட்டுப்போனால் வீட்டுக்காரருக்குப் போன் போடுவது, எரிவாயு பில் என்னவென்று விளக்குவது எல்லாம் அவர்தான். இதற்காக அவருடைய பாடவேளையை யாரும் குறைத்துவிடுவதில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களுக்கெல்லாம் அன்றன்றைக்கே பதில் போட வேண்டிய கட்டாயம் வேறு. அப்புறம், பெற்றோர் முன்னால் பாடம் என்கிற முடிவே பல நேரம் துணைத் தலைமையாசிரியர் அறையிலிருந்து அன்றைக்குக் காலையில்தான் இறங்கி வருகிறது. உங்களுக்குப் பத்து நிமிடம் முன்னால் தெரிந்தது என்றால் அவருக்கு அரை மணி முன்னால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. வாராந்திரத் திட்டம் என்று ஒரு தாள் எல்லாப் பள்ளியிலும் போடுவார்கள், ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டியிருக்கும். போனில் படம் பிடித்து ‘பாப்பகோ’ மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் அரைகுறையாகவாவது புரியும். வருடாந்திர அட்டவணை பள்ளியின் இணையதளத்திலேயே கிடக்கும், தேர்வு, சுற்றுலா, விளையாட்டு விழா எல்லாம் அதில் இருக்கும், இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, அறை வாசல் பக்கம் உட்கார்ந்து பாடவேளை மாற்றங்களைத் தட்டச்சு செய்யும் ஓர் அலுவலக உதவியாளர் இருப்பார். பெரும்பாலும் யாரும் அவரோடு பேச மாட்டார்கள், ஆனால் பள்ளியில் எல்லாமும் முதலில் தெரிவது அவருக்குத்தான். அவரிடம் தினமும் காலையில் ‘இன்றைக்கு எனக்கு ஏதாவது மாற்றம் உண்டா?’ என்ற ஒரே வாக்கியத்தைக் கொரிய மொழியில் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். கோ-டீச்சருக்கும் பாரம் குறையும்.

கேள்வி: வகுப்பில் என் கோ-டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறார். என் நண்பனின் கோ-டீச்சரோ அவன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் கொரிய மொழியில் சொல்லிவிடுகிறார். எது பரவாயில்லை?
(சுவோன்)

பதில்: இரண்டுமே பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். லேப்டாப்காரரோடு பேசிப் பார்க்கலாம், மொழிபெயர்ப்பவரை நிறுத்துவதுதான் கஷ்டம், ஏனென்றால் அவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, நீங்கள் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பார்கள், அவர் வாயைத் திறந்ததும் திரும்புவார்கள்.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும், அரசுப் பள்ளியில் உங்கள் வேலை துணை ஆசிரியர் வேலை, வகுப்புக்குப் பொறுப்பு சட்டப்படி அவருடையது. அதனால் ‘என் வகுப்பு’ என்று ஆரம்பிக்காதீர்கள். பாடத்தை எழுதும்போதே அவருக்கு ஒரு வேலையைச் செருகிவிடுங்கள். உரையாடலில் கடைக்காரர் அவர், வாங்குபவர் நீங்கள் என்று வைத்தால் லேப்டாப்பும் மூடும், மொழிபெயர்ப்பும் நிற்கும். முன்தினமே ஒரு பக்கத் தாளில் கொடுக்க வேண்டும். மாணவர்கள் முன்னால் திடீரென்று இழுத்துவிட்டால் அவர் ஆங்கிலத்தில் தடுமாறுவார், அதை அவர் சுலபத்தில் மறக்க மாட்டார்.

கேள்வி: தேர்வுக்கு முந்தின வாரம் கோ-டீச்சர் வினாத்தாளோடு வந்து ஒரு கேள்வியைக் காட்டி, விடை 3-ஆ 4-ஆ என்றார். பேச்சில் இரண்டுமே வரும், இரண்டும் சரிதான் என்றேன். முகம் செத்துப்போய்விட்டது, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னது தப்பா?
(உயர்நிலைப்பள்ளி, தேஜோன்)

பதில்: தப்பில்லை. ஆனால் நீங்கள் அவர் தலையில் போட்டது எவ்வளவு பெரிய கல் என்று தெரிந்துகொள்ளுங்கள். கொரிய உயர்நிலைப்பள்ளியில் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணும் பல்கலைக்கழக அனுமதிக்குப் போகிறது, அதுவும் சக மாணவர்களோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்து. 9 தரமாக இருந்தபோது முதல் தரம் மேலேயுள்ள 4 சதவீதத்தினருக்கு மட்டும். 2025-ல் உயர்நிலைப்பள்ளிக்குள் நுழைந்தவர்களிலிருந்து 5 தரமாக ஆக்கியிருக்கிறார்கள், முதல் தரம் 10 சதவீதம், ஆனாலும் அடிதடி அடிதடிதான். ஒரு கேள்விக்கு இரண்டு விடை பொருந்தினால் அன்று சாயங்காலமே பெற்றோர் போன் வரும். இரண்டு விடைக்கும் மதிப்பெண் போட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கேள்விக்கு மறுதேர்வு, கூடவே எழுத்தில் விளக்கம். அந்தத் தாளில் பெயர் போடுவது உங்கள் கோ-டீச்சர், நீங்கள் இல்லை.

நான் இருந்த பள்ளியில் ஒரே ஒரு முன்னிடைச்சொல்லுக்காக மூன்று ஆசிரியர்கள் ஒரு தாளின் மேல் குனிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன், வெளியே இருட்டிவிட்டது, ஒருவர் அகராதியை எடுக்க, இன்னொருவர் பழைய வினாத்தாள்களைப் புரட்ட, மூன்றாமவர் அழிப்பானால் 3-ஐ அழித்து 4 என்று எழுதி, மறுபடி அழித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஆங்கிலம் எப்படிப் பேசப்படுகிறது என்பதில்லை, கேள்வி தப்பிக்க வழி. ‘4 எழுதுகிற பையன் வாதாடலாம், இந்த இடத்தில் நேற்று என்று ஒரு சொல் சேர்த்தால் 3 மட்டும்தான் நிற்கும்’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த தேர்விலிருந்து உங்களைத்தான் முதலில் தேடுவார். நாடு முழுக்க நடக்கும் சுனுங் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும்போது விமானங்கள் ஏறவும் இறங்கவும் விடாமல் நிறுத்திவைக்கிற ஊர் அது. அங்கே ‘இரண்டும் சரி’ என்பது ஒரு பதிலே இல்லை.

கேள்வி: அறிமுகமான இரண்டாவது நிமிடமே வயதைக் கேட்கிறார்கள்!
(குவாங்ஜு)

பதில்: சொல்லிவிடுங்கள். யாருக்கு எவ்வளவு மரியாதை போட்டுப் பேசுவது என்று அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். 2023 ஜூனிலிருந்து சட்டப்படி எல்லோருக்கும் உலக வழக்கப்படியான வயதுதான், ஆனாலும் பிறந்த வருடத்தைக் கேட்பது நிற்கவில்லை. கல்யாணம் ஆயிற்றா என்பது மூன்றாவது நிமிடம்.

கேள்வி: குளிர்கால விடுமுறை. பள்ளியில் பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்கள் இல்லை, நான் மட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டு மேஜையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன். கொரியச் சகாக்கள் வீட்டில். இது என்ன நியாயம்?
(தென் கியோங்சாங் மாகாணக் கிராமப் பள்ளி)

பதில்: ‘டெஸ்க் வார்மிங்’ பற்றி மட்டும் ஏழு கடிதம். அவர்கள் காகிதத்தில் விடுமுறையில் இல்லை. கல்வித் துறை அரசு ஊழியர் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, பாடம் நடக்காத நாட்களில் தலைமையாசிரியர் அனுமதியோடு வேலையிடத்துக்கு வெளியே பயிற்சி, ஆராய்ச்சி செய்யலாம். அதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் இருக்கிறார்கள். நீங்கள் ஒப்பந்தத்தில் வந்தவர், உங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. விடுப்பு நாள் தீர்ந்ததும் வந்து உட்கார வேண்டியதுதான். பாரபட்சம் மாதிரி தெரியும், ஆனால் கோ-டீச்சர் இதில் ஒன்றுமே செய்ய முடியாது, அவரிடம் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை.

கேட்பதென்றால் துணைத் தலைமையாசிரியரிடம், டிசம்பருக்கு முன்னால், கையில் ஒரு திட்டத்தோடு கேளுங்கள். ஆங்கில முகாமை எந்த வாரம் வைப்பது, மீதி நாட்களில் அடுத்த பருவத்துக்கு என்ன தயார் பண்ணுவது என்று. சில பள்ளிகளில் வீட்டிலிருந்து செய்ய விட்டுவிடுவார்கள், சிலவற்றில் ‘விதி’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். முடிந்துவிட்டால் காலுக்கு ஒரு மின்சார விரிப்பு வாங்கிக்கொண்டு கொரிய மொழி படியுங்கள். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் நல்ல நிலை இருந்தால் பிற்பாடு புள்ளி அடிப்படையிலான எஃப்-2 குடியிருப்பு விசாவுக்கு உதவும், அது கிடைத்தால் ஒரே பள்ளியை நம்பி இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் சுத்த சைவம், குடிக்கவும் மாட்டேன். மார்ச் மாத ஹ்வேசிக், அதாவது ஆசிரியர்கள் எல்லோரும் கூடும் விருந்துக்குப் போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களா?
(தேகு)

பதில்: முதல் விருந்துக்கு மட்டும் போய்விடுங்கள். புதிதாக வந்தவர்களை வரவேற்கும் விருந்து அது, அதில் காணவில்லை என்றால் கண்ணில் படும். மற்றவற்றுக்கு ஒரு காரணம் சொல்லித் தப்பிக்கலாம், கொரோனாவுக்குப் பிறகு விருந்துகளும் முன்னைப்போல இல்லை. சோஜு மதுவை ஊற்ற வந்தால் இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் பட்டும் படாமலும் வைத்துக் கீழே வைத்துவிட்டால் போதும். இல்லை, அதே சின்னக் கோப்பையில் சைடா என்கிற நிறமில்லாத சோடாவை ஊற்றிக்கொள்ளுங்கள், அதுவும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். பெரியவர்களுக்கு ஊற்றும்போதும் இரண்டு கை.

சாப்பாடுதான் சிக்கல். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் கொண்டுவருவார்கள். கிம்ச்சியிலேயே பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும், தோயென்ஜாங் என்ற சோயா விழுதில் வைக்கும் குழம்பின் சாறு பெரும்பாலும் நெத்திலியில் எடுத்தது. அதனால் முந்தின நாளே கோ-டீச்சரிடம் எது எது கூடாது என்று எழுதிக் கொடுங்கள், விருந்தன்று இலையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அவமானப்படுவதும் அவர்தான்.

கேள்வி: பிறந்து வளர்ந்தது டொரோன்டோ. விண்ணப்பத்தோடு புகைப்படம் போனதும் பதில் நின்றுவிடுகிறது. கடைசியில் கிடைத்த ஹாக்வோனிலும் (தனியார் டியூஷன் பள்ளி) பெற்றோர் வரும் நாளில் என்னை முன்னால் விடுவதில்லை. கூட வேலை பார்க்கும் கொரிய ஆசிரியர், ‘பெற்றோர்கள் அப்படி, தப்பாக எடுத்துக்காதீங்க, இது எங்கள் கலாச்சாரம்’ என்கிறார்.
(இன்சோன்)

பதில்: தப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகையைச் சொல்ல மறந்ததும் இதுவும் ஒன்றில்லை. கடிதங்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது, நம் ஆட்கள் சில்லறை எரிச்சலுக்கெல்லாம் கொரியக் கலாச்சாரத்தைத் திட்டுகிறார்கள், உண்மையாகவே நியாயமில்லாத இடத்தில் அதே கலாச்சாரத்தைக் காரணம் காட்டினால் தலையாட்டிவிடுகிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும்.

மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா நிறத்தைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாடு. அதில் உங்கள் நாடு இருக்கிறது, பேச்சு முடிந்தது. ஆனால் உங்களுக்குக் கை கொடுக்க விரிவான பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் அங்கே இல்லை, 2007-லிருந்து மசோதா வருவதும் செத்துப்போவதுமாக இருக்கிறது. அதனால் நடைமுறையாக ஒன்று சொல்கிறேன், ஒப்பந்தம் முடியும் வரை பொறுத்து, அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் போன்ற அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். அங்கேயும் படம் கேட்பார்கள், ஆனால் ‘இந்த முகத்தைப் பார்த்தால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ’ என்று கணக்குப் போடும் முதலாளி அங்கே இல்லை. உங்கள் சகாவைப் பொறுத்தவரை, பெற்றோர் போனை எடுத்துத் திட்டு வாங்குவது அவர்தான் என்பதால் முதலாளி சொன்னதை ஒப்பிக்கிறார். அவரிடம் ஒரே ஒரு தடவை, சிரிக்காமல், ‘நான் கனடாக்காரன்’ என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

கேள்வி: ஹாக்வோனில் பதினோராவது மாதம். ‘மாணவர் குறைந்துவிட்டார்கள், அடுத்த மாதம் வேண்டாம்’ என்கிறார் வொன்ஜாங், அதாவது ஹாக்வோன் முதலாளி. சம்பளத்தில் 3.3% மட்டும்தான் பிடிக்கிறார்கள், இன்சூரன்ஸ், பென்ஷன் ஒன்றும் காணோம். கொரிய ஆசிரியர்கள் எல்லோரும் இப்படித்தான், நீ மட்டும் ஏன் கேட்கிறாய் என்கிறார்கள்.
(சியோல் பக்கம்)

பதில்: கேளுங்கள். அந்த 3.3% என்பது சுயதொழில் செய்பவருக்குப் பிடிக்கும் வரி. தினமும் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, அவர்கள் புத்தகத்தை நடத்தி, அவர்கள் சொல்லும் மேஜையில் உட்காருகிறவர் சுயதொழில்காரர் இல்லை, தொழிலாளி. ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் உண்மையில் வேலை எப்படி நடக்கிறது என்றுதான் தொழிலாளர் துறையும் நீதிமன்றமும் பார்க்கும். இப்படிக் காட்டினால் தேசிய பென்ஷனிலும் மருத்துவக் காப்பீட்டிலும் முதலாளி கட்ட வேண்டிய பாதி மிச்சம். நஷ்டம் உங்களுக்கு ஊரைப் பொறுத்து: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு நாடு திரும்பும்போது பென்ஷன் பணம் மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும், பிரிட்டன்காரருக்குக் கிடைக்காது, தென்னாப்பிரிக்கர்களிடம் பென்ஷனுக்கென்று பிடிப்பதே இல்லை.

பதினோராம் மாதம் ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருடம் முடித்தால் குறைந்தது 30 நாள் சம்பளம் பணிக்கொடையாக, விலகிய 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்த அவசரம். மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தவரை அனுப்புவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், இல்லாவிட்டால் 30 நாள் சம்பளம். 5 பேருக்குக் குறைவான இடம் என்றால் நியாயமான காரணம் இல்லாமல் நீக்கியதாக வழக்குப் போட முடியாது, ஆனால் முன்னறிவிப்பும் பணிக்கொடையும் அங்கேயும் உண்டு. எனவே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணி வையுங்கள்.

வாயால் சொன்னதை காக்காவ் டாக் செய்திச் செயலியில் எழுத்தாக வாங்குங்கள், ‘நீங்கள் இன்று சொன்னபடி எனக்கு கடைசி நாள் எது?’ என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். சம்பளச் சீட்டு கொடுப்பது 2021 நவம்பரிலிருந்து கட்டாயம், அதைக் கேட்டு வாங்குங்கள். பாடவேளை அட்டவணை, வங்கி வரவு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு 1350-க்குப் போன் போடுங்கள், தொழிலாளர் அமைச்சகத்தின் எண், ஆங்கிலத்திலும் பேசுவார்கள். வேறு இடத்துக்கு மாறுவதென்றால் பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் தேவைப்படும், அதைக் காட்டித்தான் மிரட்டுவார்கள், எனவே கத்திவிட்டு வராதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஃபிளைட் ஏறிவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அப்படிப் போனால் வரவேண்டிய பணத்தை அங்கே இருந்து வாங்குவது பெரும்பாடு.

கொரிய ஆசிரியர்கள் ஏன் கேட்பதில்லை என்றால், அடுத்த ஹாக்வோன் முதலாளி இந்த முதலாளிக்குத் தெரிந்தவராக இருப்பார். அவர்கள் பயம் உண்மையானது. நீங்கள் முறையிட்டு ஜெயித்த பிறகு அவர்களில் ஒருவர் தனியாக வந்து எந்த அலுவலகம், என்ன படிவம் என்று விசாரித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேள்வி: ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்களே, ஏன்?
(சுன்சோன்)

பதில்: காற்றோட்டத்துக்கு. சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, ஹீட்டருக்குப் பக்கத்து மேஜையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் இந்திய பாஸ்போர்ட். மதுரையில் ஆங்கில ஆசிரியை. இவ்வளவு புலம்பலையும் படித்த பிறகும் கொரியா போக ஆசை. முடியுமா?
(மதுரை)

பதில்: ஏழு நாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை, ஆனால் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய பொருளாதார ஒப்பந்தத்தில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் இருந்தால் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகப் போகலாம். ஹாக்வோனுக்கு அந்த வாசல் வழியாகப் போக முடியாது. பி.எட். சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கொரியத் தூதரகத்தில் விசாரியுங்கள். ‘ஹாக்வோனில் வேலை ரெடி, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.